நான் எடுத்த கறை

அன்று, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் ராயபுரத்துச் செக்கிங் யூனிட்டில் இருந்தது மூன்று பேர்: நான், சூப்பர்வைசர் அண்ணன், ஊரே திட்டிக்கொண்டிருந்த அந்த ஓவியர் அம்மா. எண்ணெய்க் கை பட்டதால் கழித்துப்போட்ட பனியன்களை அவர் கண்காட்சியில் தொங்கவிடப் போகிறார், பனியன் ஊரை அசிங்கப்படுத்துகிறார் என்று பேச்சு.

அயர்ன் போடத்தான் எங்களிடம் கொடுத்திருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கறை எடுப்பதுதான் பிழைப்பு. கறையோடு திருப்பிக் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து, எல்லாவற்றிலும் ஸ்பாட் கன்னால் மருந்தடித்துச் சுத்தம் செய்துவிட்டேன்.

ஓவியர் ஒன்றை விரித்துப் பார்த்தார்; திருப்பியும் பார்த்தார்.

"கைத்தடமெல்லாம் எங்கீங்க?"

"எடுத்துட்டனுங்க."

"அட கெரகமே, அதுதான்டா படம்!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"தைச்சவங்க கைங்க அது" என்றார் ஓவியர், மெதுவாக.

சாயங்காலம் நானும் பனியன்களைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்; வேறு வழியில்லாமல் கண்காட்சியில் வெள்ளையாகவே தொங்கவிட்டார். சண்டைக்கு வந்த பனியன் கம்பெனி முதலாளிகள், "இப்பத்தானுங்க நம்மூரு பனியனாட்ட இருக்குது!" என்று கை தட்டினார்கள். ஓவியர் மட்டும் தட்டவில்லை. என்னிடம் வந்து, "ரொம்பச் சுத்தமா வேல செய்யறீங்க" என்றார்.

இத்தனை வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. பாராட்டினாரா, திட்டினாரா என்றுதான் இன்னும் தெரியவில்லை.