ரப்பர் காய் வெடிக்கும் மாதம்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதியாவது என் ஆண்டவருக்குச் சாட்சி கொடுக்கிறேன்.

பதினெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு அருமனைக்குத் திரும்பினேன். வீட்டைச் சுற்றிலும் எங்கள் ரப்பர் மரங்கள். ஆகஸ்ட் வெயிலில் ரப்பர் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். ஊரில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது துப்பாக்கிச் சத்தம். எல்லையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்த என் பட்டாளக் கூட்டாளி ஹர்பால் அப்படி ஒரு சத்தத்தில்தான் சரிந்தான். காய் வெடித்தால் போதும், மரவரிசையின் கடைசியில் வந்து நிற்பான். கையில் பாதிச் சப்பாத்தி இருக்கும்.

ஒரு காலையில் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். காய் வெடித்த அதே நேரம் என் மனைவி புஷ்பம் பின்னால் வந்து தோளைத் தொட்டாள். திரும்பிய வேகத்தில் வெட்டுக்கத்தி அவள் கழுத்துக்கு நேராக நின்றது. அவள் கத்தவில்லை. "நானாக்கும். புஷ்பமாக்கும்" என்று மட்டும் சொன்னாள். இவளை என் கையாலேயே கொன்றுவிடுவேன் என்ற பயம் அன்று பிடித்தது. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில் தனியாகத் தங்கத் தொடங்கினேன்.

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டி, வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். அன்போடுதான் வந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மைக்கும் டிரம்மும் கொண்டு வந்தார்கள். டிரம்மில் முதல் அடி விழுந்ததும் நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன். பிசாசு ஓடுகிறது என்று இன்னும் பலமாக அடித்தார்கள். கடைசியில் புஷ்பம்தான் மைக் வயரைப் பிடுங்கினாள்.

"ஆண்டவருக்குக் காது கேக்கும். மெதுவாட்டு ஜெபிச்சா போதும்."

மேஜைக்கு அடியில் நானும் ஜெபித்தேன். இந்தச் சத்தத்தை நிறுத்தும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். இரண்டும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் புஷ்பம் என்னை நாகர்கோவிலில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். மாத்திரையோடு அவர் ஒரு விலாசமும் தந்தார். பட்டாளத்தில் நாய் பழக்கி ஓய்வு பெற்ற ஒருவர், இரணியலில் என்னைப் போன்றவர்களுக்காக நாய்களைப் பழக்குகிறார். அங்கிருந்து வந்தவள்தான் டெய்சி, கறுப்பு லாப்ரடார். எனக்கு மூச்சு இரைக்கத் தொடங்கினால் காலில் சாய்ந்து முழு எடையையும் வைப்பாள். யாராவது பின்னால் வந்தால் நடுவில் போய் நிற்பாள். "பாரு" என்றால் மரவரிசை முழுக்கப் பார்ப்பாள். ஆள் இருந்தால் குரைப்பாள், இல்லாவிட்டால் படுத்துவிடுவாள்.

"ஒம்ம கண்ண நம்பாண்டாம். இவ கண்ண நம்பும்" என்றார் பழக்கியவர்.

டெய்சி வந்த பிறகு முதல் காய் வெடித்தது. ஹர்பால் நின்றான். "பாரு" என்றேன். டெய்சி பார்த்தாள், மோந்தாள், என் காலடியில் படுத்தாள். அங்கே யாரும் இல்லை. ஹர்பால் செத்துவிட்டான் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. அவள் முதுகைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிரியமானவர்களே, சத்தத்துக்கு நடுங்குகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் பேய் என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஜெபியுங்கள், மெதுவாக. ஆண்டவரை நம்புங்கள். நான் கேட்டதை அவர் தரவில்லை. காய் இந்த வருடமும் வெடிக்கிறது, ஹர்பாலும் வருகிறான். அவர் எனக்கு டெய்சியைத் தந்தார்.

நேற்றுக் காலையில் பால் வெட்டும்போது ஒரு காய் வெடித்தது. பின்னால் காலடி கேட்டது. டெய்சி நடுவில் போய் நின்றாள், வாலை ஆட்டினாள், நகர்ந்து வழி விட்டாள். புஷ்பம் என் தோளைத் தொட்டாள். நான் கத்தியைத் தாழ்த்தி, மெதுவாகத் திரும்பினேன்.

"சாயா போட்டியா?" என்று கேட்டேன்.