பூஜ்ஜியக் கோட்டில் பதினோரு மணி

சித்தூரில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு சோஷியல் நடத்தி ரிடையர் ஆனவன் நான். தீர்க்கரேகைப் பாடத்தை மட்டும் புத்தகத்தைத் தொடாமலே நடத்துவேன். குறுக்கே போகிற பூமத்திய ரேகையைப் பற்றி யாருக்கும் சண்டை கிடையாது, பூமி சுழல்கிற விதமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். மேலிருந்து கீழே இறங்கும் கோடுகளில் எது முதல் கோடு என்று கேட்டால் பூமி வாயே திறக்காது. மனுஷன்தான் கூடிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். பாரீஸ்காரனுக்குப் பாரீஸ், நம் பழைய ஜோசியர்களுக்கு உஜ்ஜயினி. கடைசியில் அமெரிக்காவில் ஒரு கூட்டம் போட்டு, லண்டனில் கிரீன்விச் வழியாகப் போவதுதான் பூஜ்ஜியம் என்று ஓட்டெடுத்தார்கள். பிரான்ஸ் ஓட்டே போடாமல் முறுக்கிக்கொண்டு ரொம்ப வருஷம் தன் கோட்டையே பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் சார், நம்ம சித்தூர்ல போட்டா ஆவாதா?" என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்.

"கப்பல்காரங்க ஜாஸ்தி பேரு அந்தக் கோட்ட வெச்சுதான் ஓட்டிக்கினு இருந்தாங்க. உன்கிட்ட எத்தினி கப்பல் கீது? உக்காரு."

எங்கள் ஒரே மகன் திருப்பதியில் படித்து, ஸ்ரீசிட்டி ஃபேக்டரி ஒன்றில் கொஞ்ச நாள் குப்பை கொட்டிவிட்டு, கடைசியில் அந்தக் கோட்டுப் பக்கமே போய்ச் சேர்ந்தான். லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், ஊரான் அம்மாக்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிற வேலை. அவன் விமானம் ஏறிய வாரமே என் மனைவி புதிதாக ஒரு கடிகாரம் வாங்கி, ஹாலில் எங்கள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதில் அவன் ஊர் நேரத்தை வைத்தாள். "இப்போ எழுந்துக்கினு இருப்பான்", "இப்போ துன்னுக்கினு இருப்பான்" என்று அதைப் பார்த்துத்தான் அவள் பொழுது ஓடியது. செல்போனைத் தட்டினால் தெரிகிற நேரத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று கிண்டல் பண்ணினால், "உங்க பாடத்த ஸ்கூலோட வெச்சுக்கோங்க" என்பாள்.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு கூத்து உண்டு. வெயில் காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்வார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியும் முன் பழையபடி பின்னால் இழுத்துவிடுவார்கள். உலகத்தையே கூட்டி வைத்துப் போட்ட கோட்டின் நேரம், கோட்டின் மேல் குடியிருக்கிறவனுக்கே பாதி வருஷம் ஆகாது! வருஷத்துக்கு இரண்டு தரம் மகன் போனில் ஞாபகப்படுத்துவான், இவள் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவாள். அந்தக் கடிகாரத்தை வேறு யாரும் தொடக் கூடாது.

போன வருஷம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, திருப்பதி ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். புத்தலப்பட்டு வழியாக ஆம்புலன்சில் அவளோடு நான் மட்டும் வந்தேன். வழியெல்லாம் மழை. அன்று சாயங்காலம் மகன் அழுதுகொண்டே பேசினான்.

"விசா புதுப்பிக்கக் குடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரல நைனா. என்னால வர முடியாது. நாளைக்கு ஆள் இல்லேன்னு லீவும் தர மாட்டேன்றாங்க. டியூட்டியில போன வாங்கிப் பூட்டிடுவாங்க, என் டைம் பதினோரு மணி பிரேக்லதான் கையில வரும். அதுவரிக்கும் பெட்டிய மூடாத நைனா. அம்மா மொகத்த ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன்."

"மூடமாட்டேன்டா," என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் சபையில் பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டால் மறுபடி திறக்கிற வழக்கம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. ஜெபம் முடிந்து, பாட்டு முடிந்து, ஊரே முகம் பார்த்துவிட்டது. எல்லார் கண்ணும் அவளுடைய கடிகாரத்தின் மேல்தான். அதில் பதினொன்று அடித்தது. போன் வரவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். வாசலில் மழை வலுத்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து குழி வெட்டுகிறவர் ஓடி வந்து, "நீள்ளு வஸ்துன்னாயி சார்," என்றார்.

"குழியில தண்ணி ஊறுதுங்கய்யா," என்று பாஸ்டர் என் தோளைத் தொட்டார். "இன்னும் நின்னா அம்மாவ தண்ணியிலதான் எறக்கணும்."

அரை மணி நேரம் தாக்குப் பிடித்தேன். அதற்குள் எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஊரான் அம்மாவுக்கெல்லாம் சோறு ஊட்டுகிறான், பெற்றவளுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்க இவனுக்கு வக்கில்லையா? "மூடுங்க," என்று கத்தினேன். பெட்டியில் ஆணி இறங்கியது.

தோட்டத்தில் இறக்கி, நான் முதல் பிடி மண் போட்டு, மற்றவர்களும் போட்டு, மண்வெட்டி இறங்க ஆரம்பித்த பிறகு சட்டைப் பையில் போன் அடித்தது. குடைக்கு அடியில் எடுத்தேன். வீடியோவில் நீலச் சட்டையில் மகன். தலையைப் படிய வாரியிருந்தான்.

"கரெக்டா பதினோரு மணி நைனா. ஓடியாந்துட்டேன். அம்மாவ காட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று விடியும் முன் அந்த ஊர் நேரம் ஒரு மணி பின்னால் போயிருந்தது; அவள் கடிகாரம் பதினொன்று அடித்தபோது அங்கே பத்துதான். எங்கள் வீட்டில் முள்ளைத் திருப்புகிறவள் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். முப்பது வருஷம் அந்தக் கோட்டைப் போர்டில் போட்டவன், மணியைப் பார்க்க அவள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஏன் நைனா உன் மொகத்தையே காட்டிக்கினு கீற? அம்மாவ காட்டு."

நான் போனைத் திருப்பவில்லை. மண் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டார்கள். அவன் என் பின்னால் இருந்த குடைகளையும், சிலுவைகளையும் பார்த்துவிட்டான். அவன் முகம் கோணிக்கொண்டு போனது.

"லேட்டாயிட்டேனா நைனா?"

"இல்லடா கண்ணு," என்றேன். "நீ டைமுக்குத்தான் வந்த. நாங்கதான் முந்திக்கினோம்."