அம்மா அமுக்காத பொத்தான்

என் அம்மா அம்புஜவல்லி மாசியில் இறந்தார். கடைசிவரை அவர் இருந்தது விருத்தாசலத்துக்கு வெளியே, கருவேப்பிலங்குறிச்சி சாலையில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பின் சிறு வீட்டில். அந்த வீடு கையைவிட்டுப் போக இருந்த ஒரு சனிக்கிழமையை எழுதி வைக்கிறேன்.

அங்கே மூன்று வகை இடங்கள் உண்டு. சமையலறையோடு தனி வீடுகள். மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு அறைகள். மாடியில், நர்ஸுகளின் கவனிப்பில் கட்டில்கள். மாடிக்குப் போனவர் யாரும் திரும்பி வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா சேரும்போதே சொல்லிவிட்டார்: "எனுக்குன்னு ஒரு அடுப்பு வேணும். வேற ஒண்ணும் வாணாம்."

பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைப் பக்கம் வேலை பார்த்தவர். ஃபியூஸ் கட்டைகளைச் சூளை வண்டியில் அடுக்குவது அவர் வேலை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவின் கூலியில் நான் பாலிடெக்னிக் படித்தேன். இப்போது ஓசூரில் கண்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன்.

ஐப்பசியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலையில் விழுந்தவரை மதியம்தான் கண்டார்கள். வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் வெயிலில் கிடந்ததைப் பார்த்து, அடுத்த வீட்டு அமிர்தம் கத்தியிருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் சிவப்பு நிற அவசரப் பொத்தான் இருந்தது. அம்மா அதை அமுக்கவில்லை.

நிர்வாகி ஜெயஸ்ரீ என்னை அந்தச் சனிக்கிழமை வரச் சொன்னார். முன்பு நர்ஸாக இருந்தவர். "பட்டன் இருக்கிறதே மறந்துபோச்சுன்னா தனி வூட்ல வுட முடியாதுங்க. திங்கக்கிழமை மாடியில ஒரு கட்டில் காலியாவுது."

ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யும்படி கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

முதலில் நான் பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். இணைப்புகள் சரியாக இருந்தன. பழுது அதில் இல்லை.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். டீ போட்டார். ரெகுலேட்டரை மூடினார். எந்த மாத்திரை எதற்கு என்று தடுமாறாமல் சொன்னார். ஜெயஸ்ரீ தலையசைத்துக்கொண்டே வந்தார். பிறகு குளியலறை. அம்மாவைத் தரையில் உட்கார வைத்தோம்.

"இப்ப வுழுந்துட்டீங்க. என்னா செய்வீங்க?" என்று கேட்டார் ஜெயஸ்ரீ.

அம்மாவின் கை சுவரை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. மடிக்கே திரும்பியது.

"ஏ அமிர்தம்!" என்று கத்தினார்.

வாசலில் நின்ற அமிர்தம், "நான் கோயிலுக்குப் போயிருந்தா? அமுக்குடி. அது என்னா தேளா, கொட்டறதுக்கு?" என்றார்.

அம்மா அசையவில்லை.

"போதும், எழுந்திரிங்கம்மா," என்றார் ஜெயஸ்ரீ. முடிவெடுத்துவிட்ட குரல்.

"ஏம்மா, பட்டன் இருக்கிறது தெரியலயா?" என்று கேட்டேன்.

"கண்ணு இல்லியா எனுக்கு? தெரியுது."

"அப்புறம்?"

"அத்த அமுக்குனா எல்லாம் நின்னுபூடும்."

"எது நிக்கும்?"

"இந்த ஒயரு மாடிக்குத்தான போவுது? அங்க மூச்சு வுட மெஷினு வச்சிருக்காங்க. ஓடிக்கினு இருக்கிறத நிறுத்திட்டு நான் எழுந்து வரணுமா?"

அம்மாவே தொடர்ந்தார். சூளையில் இதே நிறத்தில், இதே அளவில் ஒரு பொத்தான் இருந்ததாம். ராஜம்மாள் என்கிற கூட்டாளி தெரியாமல் அதன்மேல் சாய்ந்துவிட்டார். பர்னர் நின்றது. சூளையில் இருந்த சரக்கு மொத்தமும் பாதி வெந்து வீணானது. அன்றைக்கே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். "அது பீங்கானு. இது உசுரு," என்றார் அம்மா.

ஜெயஸ்ரீ குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இது மணி மட்டுந்தாம்மா. நர்ஸு மேசையில அடிக்கும்."

"நீ சொல்லுவ."

ஜெயஸ்ரீ எழுந்து மாடிக்குப் போனார். குளியலறைக்கு எதிரே, மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. "மெஷினுகிட்ட நிக்கிறேன். அமுக்குங்க!"

அம்மா விரலைப் பொத்தானில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். மேலே மணி அடித்தது.

"ஓடுதா?" என்று அம்மா மேலே பார்த்துக் கத்தினார்.

"ஓடுதும்மா!"

"எல்லாத்தையும் பாத்தியா?"

"மொத்தமே ரெண்டுதான். ரெண்டும் ஓடுது!"

அம்மா மறுபடி அமுக்கினார், இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு. விடவே இல்லை.

"போதும் வுடுங்க, தூங்கறவங்கள்லாம் எழுந்துட்டாங்க!"

கீழே வந்த ஜெயஸ்ரீ, "இங்கயே இருங்க. ஆனா குளிக்கும்போது தாழ்ப்பா போடக் கூடாது," என்றார்.

"அது முடியாது. எவளாச்சும் உள்ள வந்துருவா."

"ஆமா, ஒன்ன அந்தக் கோலத்துல பாக்கத்தான் நாங்க தவங்கெடக்குறோம்," என்றார் அமிர்தம்.

நான் ஸ்குரூடிரைவரை மறுபடி எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அம்மா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. கிளம்பப் பையை எடுத்தபோது, தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பக்கம் நகர்த்தினார். சாப்பிட்டுவிட்டுப் போனேன்.