ஒரு விரல் இடைவெளி

கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கும் அவளுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்த்தாள். கராத்தேயில் பழுப்பு பெல்ட்டுக்கு மூன்றாவது தேர்வு. முதல் இரண்டிலும் தோற்றது பலம் போதாமல் அல்ல, பலம் கூடிப்போய்.

கராத்தே என்றதும் பலருக்கு ஓடு உடைப்பதுதான் நினைவுக்கு வரும். அதெல்லாம் வேடிக்கை காட்டுவதற்கு. வெறுங்கையால் தாக்குவதும் தடுப்பதும்தான் வித்தை. அவர்கள் வகுப்பு விதிப்படி, முகத்துக்கு விடும் குத்து முழு வேகத்தில் போய், தோலுக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட வேண்டும். பட்டால் வெளியே போக வேண்டியதுதான். இவளுடையதோ பன்னிரண்டு வருடமாகப் பார்சலை அலமாரியின் பின்சுவரில் இடிக்கும்வரை தள்ளிப் பழகிய கை. இடிக்காவிட்டால் வேலை முடிந்ததாகவே அதற்குத் தெரியாது. போன தேர்வில் இவளுக்கு ஜோடியாக நின்ற பல் டாக்டரம்மாவுக்கே ஒரு பல் ஆடிவிட்டது.

வீட்டில் நாத்தனாரோடு ஓயாமல் முட்டிக்கொள்கிறாளே, கொஞ்ச நேரமாவது வெளியே போகட்டும் என்று கணவன்தான் சேர்த்துவிட்டான். மறுவாரமே நாத்தனாரும் வந்து சேர்ந்துகொண்டாள். ஒரு மாதம் தங்க வந்து இரண்டு வருடமாகியும் கிளம்பாதவள், பழுப்பு பெல்ட்டையும் முந்திக்கொண்டு வாங்கிவிட்டாள். அன்று காலை டீயை ஆற்றிக்கொண்டே, "ஏன் அண்ணி வீணா அலையுறீங்க? உங்களுக்கு இது வராது," என்று வேறு சொன்னாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வு எழுந்தவர்களை மாஸ்டர், ஏற்கெனவே பழுப்பு பெல்ட் வாங்கியவர்களோடு உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். எதிரில் வந்து நின்றது அதே நாத்தனார்.

"இந்தத் தடவையும் பட்டுச்சுன்னா அடுத்த வருஷம்தாம்மா," என்றார் மாஸ்டர்.

குனிந்து வணங்கினார்கள். நாத்தனார் உதைத்தாள். இவள் முன்கையால் தட்டிவிட்டாள். மறுபடி உதைத்தபோது நாத்தனாருக்குக் கால் வழுக்கியது, முகத்தை மறைத்து நின்ற கைகள் இறங்கின. இரண்டு வருட எரிச்சலும் இவள் தோளுக்கு வந்து சேர்ந்தது. குத்தை விட்டாள்.

கை நின்றது. எப்படி நின்றதென்று அவளுக்கே புரியவில்லை. விரல் முட்டிகளில் நாத்தனாரின் மூச்சு சூடாகப் பட்டது. மாஸ்டர் இவள் பக்கம் கை உயர்த்தி, "பாஸ்," என்றார்.

இறுக மூடிய கண்களை நாத்தனார் மெல்லத் திறந்தாள்.

"இன்னிக்கு நிஜமாவே அடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"நானும்தான்," என்றாள் இவள்.