டயாலிசிஸ் என்றால் என்ன பொருள்

நேற்று கடலூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாளிடமிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். விசாரித்தேன். "டயாலிசிஸ் பண்ணிக்கினு வரேம்மா" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் சொல்லை முதலில் பார்த்தது சிதம்பரத்தில், ஆய்வேடுகளை டைப் அடித்துத் தரும் கடையில். நானும் வசந்தாவும் அங்கே ஒன்றாக வேலை பார்த்தோம். பக்கத்துக்குப் பத்து முறை வரும் அந்தச் சொல்லைப் பொருள் தெரியாமலே அடித்துத் தள்ளினேன். என் கவனமெல்லாம் சாப்பாட்டு மணியில். வசந்தாவுக்கோ, ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. கடையின் தடித்த அகராதியை மடியில் வைத்துக்கொண்டு புளிச்சோறு தின்பாள்.

"ஏய், இது பழைய கிரேக்கச் சொல்லுடீ. லிசிஸ்னா அவுக்குறது. டயான்னா தனித்தனியா. அவுத்து, பிரிச்சு வுடுறது."

"சரி சரி, கைய கழுவிக்கினு பொரட்டு."

பல வருடம் கழித்து அந்தச் சொல் அவள் தலையிலேயே விழுந்தது. அவள் கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வாரம் இரண்டு நாள் கடலூர் ஆஸ்பத்திரி, துணைக்கு நான். மூன்றாவது வருடம் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதயம் தாங்காதாம். இனிமே டயாலிசிஸ் வேணாம்னுட்டாரு டாக்டரு. கவிதாகிட்ட நீயே சொல்லிடுடீ. எனக்கு வாய் வரல."

கவிதா அவளுடைய ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லத்தான் போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மழையைப் பற்றி, பரீட்சையைப் பற்றி என்னென்னவோ பேசினேன். கடைசியில் அவளே, நிமிராமல் சொன்னாள்:

"எங்கிட்டயும் டாக்டரு சொல்லிட்டாரு அத்த. எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அவுங்க தாங்க மாட்டாங்க."

மறுநாள் வசந்தா கேட்டாள், "சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்றேன்."

எட்டு நாள் இதையே சொன்னேன். ஒன்பதாம் நாள் கேட்க அவள் இல்லை.

அந்த எட்டு நாளும் தாயும் மகளும் ஒரே அறையில் சீரியல் பார்த்தார்கள், கல்லூரிக் கதை பேசினார்கள். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒருமுறை அழுதிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நல்லது செய்கிறேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கவிதா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். போன் பேசினால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள். அந்த நாட்களைப் பற்றிய பேச்சை இருவருமே எடுப்பதில்லை. வசந்தாவின் கடலூர் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் அம்மா, அத்தை, மேடம். வாடீ போடீ என்று என்னோடு பேச சிதம்பரத்திலும் கடலூரிலும் இப்போது யாருமில்லை.