ஐந்துக்கு நாலு

ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு பேண்டேஜ் கம்பெனியில், பேக்கிங் மேசையில் செல்வலட்சுமிக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். ஆபரேஷனில் ரத்தம் ஒற்றியெடுக்கும் துணிமடிப்பை அங்கே மாப் என்பார்கள். பாக்கெட்டுக்கு ஐந்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. செல்வலட்சுமி ஊர்க்கதை பேசிக்கொண்டே ஐந்தைந்தாக எடுத்துப் போடுவாள். மறுபடி எண்ணிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. எதிரே உட்காரும் கல்பனா ஆறு மாதம் முன்பு சேர்ந்தவள். உதட்டை அசைத்து இரண்டு தடவை எண்ணுவாள். "ஏட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்கியா?" என்று செல்வலட்சுமி கேட்டால் மேசையே சிரிக்கும்.

செல்வலட்சுமியின் கணவர் பட்டாளத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவள் தனி. படுக்கும்போது செத்த நேரம் என்றுதான் போனை எடுப்பாள். எவளோ மீன் கழுவுகிறாள், எவளோ மருமகளோடு மல்லுக்கு நிற்கிறாள். இவளுக்கு அதில் என்ன வந்தது? விரல் மட்டும் தள்ளிக்கொண்டே போகும், மணி இரண்டாகிவிடும். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாட்டுக்கு முழுக்கு. கம்பெனிக்கு வந்து சீனி தூக்கலாக இரண்டு டீ. ஒரு வருஷமாக இதுதான் நடப்பு. அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு சந்தேகம் வரும். தெரிந்தவர் பெயர் தொண்டையில் வந்து நிற்கும். வயசாகிறது என்று சொல்லிக்கொண்டாள். முப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா?

ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் பாண்டிதுரை முகம் சிவக்க வந்தார். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார். ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து எண்ணும்போது ஒரு மாப் குறைந்திருக்கிறது. உள்ளே விட்டுவிட்டோமோ என்று பயந்து, அவளைக் கூடுதலாக முக்கால் மணி நேரம் மயக்கத்தில் வைத்துத் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் அதே பெட்டியிலிருந்த இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தால் நாலுதான் இருக்கிறது. போட்டவள் யார் என்று தெரிய ஒவ்வொருத்தியும் தன் நம்பர் சீட்டைப் பாக்கெட்டுக்குள் வைக்க வேண்டும்; இரண்டிலும் இருந்தது கல்பனாவின் சீட்டு.

"மேசை வேலை ஒனக்கு ஒத்துவராது. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ" என்றார்.

"என் தப்புதான் அண்ணாச்சி. எனக்குக் கணக்கு வராது" என்று கல்பனா தலையைக் குனிந்தாள்.

அந்தப் பாக்கெட்டுகள் போட்ட தேதியைச் செல்வலட்சுமியும் கேட்டாள். அந்தத் தேதி அவளுக்கு நினைவிருந்தது. தன் நம்பர் சீட்டுகளை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், கல்பனா சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய சீட்டுகளில் ஒரு கை அள்ளித் தன் பாக்கெட்டுகளில் போட்டவள் இவள்தான். அப்புறம் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லவும் மறந்தாள். இரண்டு தடவை எண்ணுகிறவள் பாக்கெட்டில் நாலு எப்படி விழும்? தன் கைதான் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் கல்பனாவின் முகத்தைப் பார்க்காமலே பாக்கெட் போட்டாள். தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அந்தப் பாக்கெட்டு நான் போட்டது. இவ சீட்ட எடுத்து நாந்தான் வச்சேன்."

பாண்டிதுரை சிரித்துவிட்டார். "இரக்கப்பட்டு பழியத் தூக்கிப் போட்டுக்காத தாயி. ஒங்கையில தப்பு வருமா?"

அவள் சம்பாதித்த பெயரே குறுக்கே நின்றது. "இப்பப் போடுதேன். அவளே எண்ணிப் பாக்கட்டும்" என்று உட்கார்ந்து நாற்பது பாக்கெட் போட்டாள். கல்பனா உதட்டை அசைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்று பாக்கெட்டைத் தனியே எடுத்து வைத்தாள். ஒன்றில் ஆறு, இரண்டில் நாலு. அவற்றை வைக்கும்போது அந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பாண்டிதுரையின் குரல் இறங்கியது. "வீட்டுல என்னம்மா கஷ்டம்? மாப்பிள்ளைக்கு எதுவும் ஒடம்பு சரியில்லையா?"

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். ஆட்டத்தான் நினைத்தாள்.

"ஒரு கஷ்டமும் இல்ல அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பாக்கேன். காலையில சாப்பிடாம வாரேன். மண்ட வேலை செய்ய மாட்டேங்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாண்டிதுரை கல்பனாவை மேசையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இவளுக்குப் பெட்டி ஒட்டுகிற இடத்தைக் கையால் காட்டினார். செல்வலட்சுமி அங்கே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பின்னாலேயே கல்பனா வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று செல்வலட்சுமி தயாராக இருந்தாள். கல்பனா தன் டிபன் மூடியில் இரண்டு இட்லியை வைத்து நீட்டினாள்.

"மொதல்ல சாப்பிடுங்கக்கா" என்றாள்.