தலை தெரியும்வரை

இது நடந்தது. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். பேய் அனுபவம் என்றால் நள்ளிரவு, மழை, நாய் ஊளை, பாதியில் போன கரண்ட் எல்லாம் வேண்டும் என்று எனக்கும் தெரியும். மன்னிக்கவும். எனக்கு நேர்ந்தது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், சுள்ளென்ற வெயிலில், ஒரு வரவேற்பு பேனருக்கு எதிரில். இருட்டும் இருந்தது... அது தண்ணீருக்கு அடியில் இருந்தது.

என்னை அங்கே இழுத்துப் போனவர் கவியரசன். சென்னையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு டீம் லீட். போன வருடம் ஏதோ குளிர்நாட்டுக்குப் பயிற்சிக்குப் போனவர், அங்கே கரையிலிருந்து கடலுக்குள் நடந்து இறங்கி, கெல்ப் காடு என்ற ஒன்றில் ஒரே ஒரு முறை முங்கி எழுந்துவிட்டார். கெல்ப் என்பது பாசி. தென்னை உயரத்துக்கு வளரும் பாசி. அவர் பேசுவதைக் கேட்டால் அதை நட்டு வளர்த்ததே அவர்தான் என்று தோன்றும். ஆபீசில் சர்வர் படுத்துவிட்டால்கூட, "கெல்ப் காட்டுல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன்..." என்று ஆரம்பிப்பார். சர்வரோடு சேர்ந்து நாங்களும் படுத்துவிடுவோம்.

முதுகில் சிலிண்டர் கட்டி முங்குவதை எங்கள் டீமுக்கே கட்டாயப் பயிற்சி போல ஆக்கினார். கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். அது சம்பள உயர்வுக்கு முந்தைய மாதம்.

அவருக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். பழவேற்காட்டுப் பாலம் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் இருக்கும் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்தில், கணவாய் மீன் வந்து முட்டையிடட்டும் என்று தென்னோலைகளை மணல் மூட்டையில் கட்டி இறக்கியிருந்தார்கள். செத்தை என்பார்கள். அதில் அறுந்த வலைகள் சிக்கி, வலையின் மிதவைகள் மேலே இழுக்க, மொத்தமும் செங்குத்தாக நின்று ஆடிக்கொண்டிருந்தது.

"கெல்ப் காடு!" என்றார் கவியரசன்.

"தென்ன மட்ட சார்," என்றேன்.

"விஷன் வேணும், ப்ரோ."

குப்பத்தில் எங்களை வரவேற்றவர் பொன்னுரங்கம். கடல்சார் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவின் நிறுவனத் தலைவர். குழுவில் அவரும் அவருடைய டீக்கடையும் இருந்தார்கள். பேனரில் கவியரசன் படம் தபால்தலை அளவு. பொன்னுரங்கம் படம் பேனர் அளவு. அன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. கோயில் மைக் பொன்னுரங்கத்தின் கையில் இருந்தது. பிறகு அது வேறு யார் கைக்கும் போகவில்லை.

"இன்னிக்கு ஒரு படகும் கடல்ல எறங்காது சார். ஊர்க் கட்டுப்பாடு. கடலு மொத்தமும் உங்களுக்குத்தான்."

உண்மைதான். படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள். எதிரே வெறும் கடல்.

கவியரசன் உடை மாற்றினார். குளிர்கடலுக்கென்று வாங்கிய கனத்த ரப்பர் உடை, தலைக்கும் சேர்த்து. பழவேற்காட்டு வெயிலில் அதை மாட்டியவர், இட்லிப் பானைக்குள் நிற்பவர் போல வெந்துகொண்டிருந்தார். கெண்டைக்காலில் ஒரு கத்தி. அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கும் வித்தையை மட்டும் அவர் எங்களுக்குக் காட்டவே இல்லை.

கோயில் கூட்டத்தில் சேராமல் ஒரு பெண் தண்ணீரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"மேல யாரு தட்டப் போறது?"

கவியரசன் ஒரு இரும்புக் குச்சியால் சிலிண்டரைத் தட்டிக் காட்டினார். டிங். "கூப்பிடணும்னா இப்படித் தட்டுவோம்மா."

"அது கீழ கீறவன் தட்றது. நான் மேல யாருன்னு கேட்டேன்."

"நாகம்மா, அப்பால போ," என்றார் பொன்னுரங்கம். பிறகு எங்களிடம், மைக்கை அணைக்காமலே விளக்கினார். "அது எங்க முன்னோர் டெக்னாலஜி சார். அடியில வலை மாட்டிக்கிச்சுன்னா ஒருத்தன் முங்குவான். இன்னொருத்தன் படகுல குந்திக்கினு துடுப்பால பலகைய தட்டிக்கினே இருப்பான். கீழ இருட்டு. மேல ஆளு கீதுன்னு ஒரு தெம்பு. முங்குனவன் தலை தெரிஞ்சாத்தான் தட்றத நிறுத்தணும். முன்னாடியே நிறுத்துனா ஊரே காறித் துப்பும்."

"அப்ப எங்களுக்கு?" என்றேன்.

"கரையில கீற படகுல நானே தட்றேன் சார். கவலைய வுடுங்க."

நாகம்மாள் அவரையே பார்த்தாள். திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

நாங்கள் பின்பக்கமாக நடந்து அலைக்குள் இறங்கினோம். காலில் துடுப்பு போன்ற ஃபின் மாட்டினால் அப்படித்தான் நடக்க வேண்டும். "வீரர்கள் கடலன்னையின் மடியில்..." என்று ஒலிபெருக்கி முழங்கியது. கூழ் வாங்க நின்ற கூட்டம் கைதட்டியது. கவியரசன் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டார்.

மிதவைகள் தெரிந்த இடத்தில் முங்கினோம். மணி பத்து நாற்பது.

மேல் தண்ணீர் வெதுவெதுப்பு. கலங்கல். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. கொஞ்சம் இறங்கியதும் கலங்கல் குறைந்து, தண்ணீர் சட்டென்று சில்லிட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்தது போல. கவியரசன் என் முகத்துக்கு நேரே வந்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டினார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் சிரித்தன. கடைசியில் அவர் உடைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஓலைகள் தெரிந்தன. ஆளுயரத்துக்கு மேல். கறுத்து, நார்நாராக. அவற்றில் கணவாய் முட்டைகள் கறுப்புத் திராட்சைக் குலைகள் போலத் தொங்கின. ஒரு குலையைத் தொட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் தோல்.

மீனே இல்லை. மீனுக்காகக் கட்டிய வீட்டில் ஒரு குஞ்சுகூட இல்லை.

நீரோட்டம் எங்களை வடக்கே தள்ளியது. ஓலைகள் தெற்கே சாய்ந்திருந்தன.

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

கவியரசன் என்னைக் காட்டி, 'நீயா?' என்பது போலக் கை ஆட்டினார். நான் மேலே காட்டினேன். பொன்னுரங்கம். சொன்னபடி தட்டுகிறார். பரவாயில்லையே என்று நினைத்தேன். உண்மையிலேயே தெம்பாகத்தான் இருந்தது.

நீரோட்டத்தைச் சமாளிக்க ஓலை கட்டிய கயிற்றைப் பிடித்தேன். அது அடியில் இருக்கும் மூட்டைக்குப் போகும் கயிறு.

டொக்.

கயிறு அதிர்ந்தது.

டொக்.

மறுபடியும். உள்ளங்கையில். சத்தம் மேலிருந்து வரவில்லை...

கயிற்றை விட்டேன். கவியரசனைத் திரும்பிப் பார்த்தேன். அவரைச் சுற்றி வலை.

சிலிண்டரின் தலையில் மாட்டியிருந்தது. அவர் திரும்பினார். இன்னும் சுற்றியது. உதைத்தார். அடிச்சேறு கிளம்பியது. ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவி அவர் காலைப் பிடித்தேன். கத்தி. பூட்டு. அமுக்கினேன். திருகினேன். இழுத்தேன். திறக்கவில்லை.

டிங்... டிங்... டிங்... அவர் இரும்புக் குச்சியால் தட்டுகிறார். உதவி என்கிறார்.

டொக்... டொக்... கீழிருந்து பதில் வந்தது.

அவர் காலை இழுத்தேன். ஃபின் மட்டும் கழன்று என் கையோடு வந்தது. மறுபடி துழாவினேன். ஓலை. வலை. ஓலை. ஆள் இல்லை.

டிங் சத்தம் நின்றது.

என் காற்றுமானியின் முள் சிவப்பில். மூச்சு இழுத்தால் வரவில்லை. மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை.

தலை வெளியே வந்தது. வெயில். அம்மன் பாட்டு. கரையில் கூட்டம்.

கத்தினேன். கையை ஆட்டினேன். கூட்டமும் கையை ஆட்டியது.

"ஒரு வீரர் வெற்றிகரமாக மேலே வந்துவிட்டார்!" என்றது ஒலிபெருக்கி.

பொன்னுரங்கத்தின் ஒரு கையில் மைக். மறு கையில் போன், வீடியோ எடுக்கிறது. அவர் பக்கத்தில் படகே இல்லை. அவர் தட்டவே இல்லை.

"ஆளு மாட்டிக்கிச்சு! படகு அனுப்புங்க!"

"வீரர் நமக்கு வணக்கம் சொல்கிறார்!"

காதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். டொக்... டொக்... வெளியே எடுத்தேன். பாட்டு. அமிழ்த்தினேன். டொக்... டொக்...

சிலிண்டர் காலி. மூச்சடக்கி முங்கினேன். பாதியிலேயே திரும்பினேன். மறுபடி முங்கினேன். திரும்பினேன். கையில் ஒரு ஃபின். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"இதோ... இரண்டாவது வீரரும் மேலே வந்துவிட்டார்!"

திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

காதை அமிழ்த்தினேன்.

தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"இரண்டாவது வீரர் கரையை நோக்கி வருகிறார்... ரொம்ப வேகமா வர்றாரு... டிரஸ்ஸக் கூட காணோமே... சார்... இது..."

அப்போது எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் உடைந்தது. கவியரசனின் தலை. முகமூடி இல்லை. சிலிண்டர் இல்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அழுதார்.

ஒலிபெருக்கியில் 'ங்...' என்று மைக் கீழே விழுந்த சத்தம். கரையில் கூட்டம் தண்ணீரை விட்டு விலகிக் கோயில் பக்கம் ஓடியது.

கரைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே நாகம்மாள் மட்டும் நின்றாள். மார்பு வரை நனைந்திருந்தாள்.

"நீதானே ப்ரோ இழுத்தே?" என்றார் கவியரசன். பல் கிட்டியது. "வலைய அவுத்து... கையப் புடிச்சு... எனக்கு முன்னாடி மேல போனியே..."

நான் ஃபினைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகம்மாள் என் பக்கத்தில் வந்தாள்.

"நைனா, கீழ தட்டுச்சே... அது எப்ப நின்னுச்சு? இவரு தலை தெரிஞ்ச பிறகா, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"கரீட்டா சொல்லு."

"மொதல்ல நின்னுச்சு. அப்புறம்தான் இவர் வந்தார்."

வெகுநேரம் நின்று பஸ் வந்ததும் பையை எடுப்பவள் போல ஒரு தரம் தலையசைத்தாள். மணலில் ஏறி நடந்தாள். இடது கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்திருந்தாள். யாருடைய மணிக்கட்டையோ பிடித்திருப்பது போல.

சென்னை வந்துவிட்டோம். கவியரசன் இப்போது கெல்ப் பற்றிப் பேசுவதில்லை. மீட்டிங்குகள் சீக்கிரம் முடிகின்றன. அதற்குச் சந்தோஷப்படக்கூட எங்களால் முடியவில்லை. அவருடைய வலது கை முழுக்கைச் சட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு முறை பட்டனைக் கழற்றிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி விரல்கள் பதிந்த நீலம். என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். என் விரல்கள் சிறியவை.

அடுத்த வெள்ளிக்கிழமை பொன்னுரங்கம் போன் செய்தார். மைக் இல்லாத குரல். முதலில் அடையாளமே தெரியவில்லை.

"சார், உங்க கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். போன ஆடி, இதே கூழு நாளு. நாகம்மா புருசன் தருமனும் அவன் தம்பி தசரதனும் கட்டுப்பாட்ட மீறிப் படகு எறக்கினாங்க. அவங்க வலை செத்தையில மாட்டிக்கினு கெடந்துச்சு. தருமன் முங்கினான். தசரதன் மேல குந்தித் தட்டினான். தருமன் தலை வரல. கரையிலேருந்து நாகம்மா கத்துது. படகு எறக்கலாம்னு நாலு பேர் எழுந்தாங்க. மீறுனவனுக்காக ஊரு மீறுமான்னு மைக்கில சொன்னது... நான்தான் சார்."

"அப்புறம்?"

"பொழுது சாயற வரைக்கும் தட்டிக்கினே இருந்தான். அண்ணன் தலை வராம எப்பிடி நிறுத்துவான்? காத்து வந்துச்சு, அலை வந்துச்சு. அவன் கரைக்கு வரல. விடிஞ்சு பாத்தா படகும் இல்ல, தசரதனும் இல்ல. அன்னிலேருந்து அங்க முங்குனா கேக்கும். வெளியூர் ஆளுக்கு இன்னா தெரியப் போவுதுன்னு உங்கள வுட்டுட்டேன்."

"அதான் நின்னுடுச்சே. ஒங்க ரெண்டாவது வீரர் வந்தாரே."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கரையிலிருந்துதான் பேசுகிறார் என்று புரிந்தது.

"நேத்து காலையிலேருந்து நாகம்மாளக் காணோம் சார். வீடு தொறந்து கீது. ரெண்டு தட்டுல சோறு போட்டு வச்சிருக்கு."

"தேடினீங்களா?"

"தேடல சார். தேட வேண்டியதில்ல. முன்னல்லாம் முங்குனாத்தான் கேக்கும். இப்ப தண்ணிக்கு மேலேருந்து, கரையிலயே கேக்குது. தசரதன் தலை இன்னும் தெரியலியே சார்."

போனைக் கடல் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. காற்று இரைந்தது.

"கேக்குதா சார்?"

கேட்டது.